பாட்டில் வந்த தெருமுனை... பிழைத்துக்கொண்ட ஊர்!

சுற்றுலா போனால் மலை ஏறுவார்கள், அருவியில் குளிப்பார்கள், கோயில் பார்ப்பார்கள். வின்ஸ்லோவுக்கு வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஒரு தெருமுனையில் போய் நிற்கிறார்கள். அவ்வளவுதான்!

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபிளாக்ஸ்டாஃப் நகரிலிருந்து கிழக்கே சுமார் 90 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது வின்ஸ்லோ. மக்கள்தொகை 9 ஆயிரம்தான். சுற்றிலும் செம்மண் பொட்டல், கூரை மாதிரி விரிந்த வானம், விடாமல் அடிக்கும் காற்று. ஊருக்குள் இரண்டாவது தெருவும் கின்ஸ்லி அவென்யூவும் சந்திக்கிற முனையில் ஒரு குட்டிப் பூங்கா. பூங்கா என்றதும் மரங்களும் ஊஞ்சலும் நினைவுக்கு வந்தால் அழித்துவிடுங்கள். செங்கல் பாவிய தரை, பின்னால் ஒரு சுவர், ஒரு விளக்குக் கம்பம், இரண்டு வெண்கலச் சிலைகள், ஓரமாக நிற்கும் ஒரு பழைய ஃபோர்டு லாரி. எதிரே இருக்கும் நினைவுப்பொருள் கடையிலிருந்து பாட்டு வருகிறது. பெரும்பாலும் ஒரே குழுவின் பாட்டு.

கார் வந்து நிற்கும். அப்பா இறங்குவார். சிலையின் தோளில் கை போட்டுக்கொள்வார். அம்மா போட்டோ எடுப்பார். பின் சீட்டில் இருந்த பிள்ளைகள் முதலில் முகத்தைச் சுளிப்பார்கள். அப்புறம் அவர்களும் வந்து நிற்பார்கள். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்து கார் கிளம்பிவிடும். அடுத்த கார் வரும்.

இந்த ஊருக்கு இப்படி ஒரு வாழ்வு எப்படி வந்தது என்று கேட்டால், எல்லோரும் ஒரு பாட்டைச் சொல்வார்கள். அது பாதி பதில். மீதிப் பாதி, அந்தப் பாட்டை முதல் பாட்டாக வைத்து வெளிவந்த ஒரு தொகுப்பு ஆல்பம்.

பாதியில் நின்ற பாட்டு

1970களின் தொடக்கம். லாஸ் ஏஞ்சலஸின் எக்கோ பார்க் பகுதியில் ஒரு வீடு. கீழே அடித்தளத்தில் ஜாக்சன் பிரவுன் என்ற இளம் பாடகர் குடியிருந்தார். மேலே குடியிருந்தவர் கிளென் ஃபிரை. டெட்ராய்ட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். கீழ்வீட்டிலிருந்து நாள்தோறும் பியானோ சத்தமும் கிடார் சத்தமும் மேலே கேட்கும். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துச் சீர்செய்துகொண்டே இருப்பார் பிரவுன். பாட்டு எழுதுவது என்றால் என்ன என்பதை அந்தச் சத்தத்தைக் கேட்டே கற்றுக்கொண்டதாக ஃபிரை பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

பிரவுனிடம் ஒரு பாட்டு பாதியில் நின்றிருந்தது. தலைப்பு, 'டேக் இட் ஈஸி'. கார் ஓட்டிக்கொண்டு போகும் ஓர் இளைஞன், மனசுக்குள் ஆயிரம் குழப்பம். 'பதறாதே, போகிற போக்கில் போ' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். இரண்டாவது சரணத்தில் அவனை ஓர் ஊரின் தெருமுனையில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார் பிரவுன். அந்த ஊர்தான் வின்ஸ்லோ. ஒரு பயணத்தில் பிரவுனின் கார் பழுதாகி, அங்கே ஒரு நாள் கிடக்க நேர்ந்தது என்று சொல்வார்கள். நிறுத்தியது சரி, அடுத்து என்ன? பிரவுனுக்கு ஓடவில்லை. பாட்டு நன்றாக இருக்கிறது, நான் முடிக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார் ஃபிரை. கடைசியில் அவர் கைக்கு வந்தது. தட்டையான பின்பக்கம் கொண்ட ஒரு ஃபோர்டு லாரியை அந்தத் தெருவுக்குள் ஓட்டிவந்தார் ஃபிரை. ஓட்டுவது ஒரு பெண். வேகத்தைக் குறைத்து அவனைத் திரும்பிப் பார்க்கிறாள். பாட்டு முடிந்துவிட்டது!

ஊரின் பெயர் பாட்டில் வருவது ஒரே ஒரு முறை. மூன்றரை நிமிடப் பாட்டில் சில நொடிகள். ஊரைப் பற்றி ஒரு வர்ணனையும் கிடையாது. அங்கே ஒரு முனை இருக்கிறது, ஒருவன் நிற்கிறான், ஒருத்தி பார்க்கிறாள். அவன் பெயர் என்ன, அவள் பெயர் என்ன, அப்புறம் என்ன ஆனது... எதுவும் பாட்டில் இல்லை. யார் வேண்டுமானாலும் போய் நின்றுகொள்ளலாம் என்று இடம் விட்டுவைத்தது போல.

ஃபிரை அப்போது ஒரு புதுக் குழுவைச் சேர்த்திருந்தார். பாடகி லிண்டா ரான்ஸ்டாட்டுக்குப் பின்னணி வாசித்தபோது சந்தித்துக்கொண்டவர்கள்: டெக்சாஸிலிருந்து வந்த டான் ஹென்லி, நெப்ராஸ்காவிலிருந்து வந்த ராண்டி மெய்ஸ்னர், கூடவே பேஞ்சோவும் கிடாரும் வாசிக்கும் பெர்னி லீடன். குழுவின் பெயர் ஈகிள்ஸ். முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு 'டேக் இட் ஈஸி'. அமெரிக்க மேற்கின் புழுதியும் நெடுஞ்சாலையும் மணக்கும் இந்தப் பாட்டு எங்கே பதிவானது தெரியுமா? லண்டனில்! தயாரிப்பாளர் கிளின் ஜான்ஸ் பிரிட்டிஷ்காரர். குழுவைத் தன் ஊருக்கே வரவழைத்துவிட்டார்.

1972 மே மாதம் வெளியான பாட்டு, அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 12வது இடம்வரை வந்தது. நல்ல வெற்றிதான். ஆனால், 12வது இடத்துக்கு வந்த பாட்டெல்லாம் ஐம்பது வருடம் கழித்தும் ஓர் ஊருக்குச் சோறு போடுவதில்லை. அதற்கு இன்னொன்று நடக்க வேண்டியிருந்தது.

யாரும் கேட்காத தொகுப்பு

1976 பிப்ரவரி. ஈகிள்ஸ் நான்கு ஆல்பங்கள் போட்டு முடித்திருந்த நேரம். ஐந்தாவது ஆல்பம் தயாராக இன்னும் பல மாதங்கள் ஆகும். இடைவெளியை வீணாக்குவானேன் என்று, நான்கு ஆல்பங்களிலிருந்தும் பத்துப் பாடல்களை எடுத்து ஒரே ரெக்கார்டாக வெளியிட்டது அசைலம் நிறுவனம். பெயரும் அலங்காரம் இல்லாதது: 'தேர் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் 1971-1975'.

டான் ஹென்லிக்கு இதில் சந்தோஷம் இல்லை. 'டெஸ்பராடோ' ஆல்பம் அந்தக் கால மேற்கத்திய கொள்ளைக்காரர்களைப் பற்றிய ஒரு தொடர்கதை மாதிரி அமைந்தது. அதிலிருந்து இரண்டு பாட்டுகளை மட்டும் பிய்த்து எடுத்துத் தனியாக வைப்பதா என்பது அவருடைய ஆதங்கம். நியாயமான ஆதங்கம்தான். மாலையிலிருந்து பூவை உதிர்த்த கதை.

ஆனால், கேட்கிறவர்கள் வேறு மாதிரி நினைத்தார்கள். அந்த வருடம்தான் அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம், 10 லட்சம் பிரதிகள் விற்கும் ஆல்பத்துக்கு 'பிளாட்டினம்' என்ற புதுச் சான்றிதழை அறிமுகம் செய்தது. அதை வாங்கிய முதல் ஆல்பம் இதுதான். வெளியான அதே மாதத்தில்! அதோடு நிற்கவில்லை. ரெக்கார்டு போய் கேசட் வந்தது, கேசட் போய் சி.டி வந்தது, சி.டி-யும் போய் செல்போன் வந்தது. 2018 ஆகஸ்டில் அதே சங்கம் கணக்கெடுத்தபோது, 38 பிளாட்டினம். அதாவது 3 கோடியே 80 லட்சம். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' அப்போது 33 பிளாட்டினத்தில் இருந்தது. அமெரிக்காவுக்குள் அதிகம் விற்ற ஆல்பம் என்ற பெயர், யாரும் கேட்காமல் போட்ட ஒரு தொகுப்புக்குப் போனது. (உலகக் கணக்கில் 'த்ரில்லர்'தான் ராஜா. ஜாக்சன் ரசிகர்கள் கோபப்பட வேண்டாம்!)

இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. இப்போதெல்லாம் விற்ற பிரதிகளை மட்டும் எண்ணுவதில்லை. ஒரு ஆல்பத்தின் பாட்டுகளை இணையத்தில் 1,500 முறை கேட்டால், ஒரு பிரதி விற்றதாக எடுத்துக்கொள்கிறார்கள். கேட்பதும் வாங்குவதும் ஒன்றாகுமா என்று சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு வகையில் அந்தக் கணக்கே இந்த ஆல்பத்துக்குச் சாட்சி. ரெக்கார்டு வாங்கிய தலைமுறையோடு போயிருந்தால் போன் தலைமுறையிடம் அது தேறியிருக்காதே. 2017-ல் அமெரிக்க காங்கிரஸ் நூலகம், காலத்துக்கும் காக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் தேசியப் பட்டியலில் இந்தத் தொகுப்பையும் சேர்த்துக்கொண்டது.

அப்படி அதில் என்னதான் இருக்கிறது?

முதலில், யாரையும் துரத்தாத இசை. சாஃப்ட் ராக் என்பதே அதுதான். கிடார் உண்டு, டிரம்ஸ் உண்டு, ஆனால் காதைக் கிழிக்காது. இரண்டு மூன்று குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து ஏறும்போது, கூடவே பாடத் தோன்றும். பாடவும் முடியும். அப்பாவும் மகளும் ஒரே காரில் போகும்போது யாருடைய பாட்டைப் போடுவது என்ற சண்டை வந்தால், இரண்டு பேரும் ஒப்புக்கொள்கிற சமாதானம் இது.

இரண்டாவது, குரல்கள். பத்துப் பாட்டில் ஐந்து ஃபிரையுடையது, நான்கு ஹென்லியுடையது, ஒன்று மெய்ஸ்னருடையது. ஃபிரை பக்கத்து வீட்டு அண்ணன் மாதிரி சிரித்துக்கொண்டே பாடுவார். ஹென்லியின் குரலில் ஒரு கரகரப்பு, ஒரு வலி. சலிக்கத் தொடங்கும்போது மெய்ஸ்னர் உச்சஸ்தாயிக்குப் போய் நிற்பார். 43 நிமிடத்தில் ஆள் மாறி ஆள் வந்து பேசிவிட்டுப் போகிற மாதிரி இருக்கும். இதில் வேடிக்கை, 'ஹிட்ஸ்' என்று பெயர் வைத்த தொகுப்பில் இருக்கும் 'டெஸ்பராடோ' தனிப்பாட்டாக வெளியாகவே இல்லை. பட்டியலில் ஏறாத பாட்டு, இன்று இந்தக் குழுவின் மிகப் புகழ்பெற்ற பாட்டுகளில் ஒன்று. அதைப் பரப்பியதில் ஹென்லி விரும்பாத இந்தத் தொகுப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

மூன்றாவதுதான் முக்கியம். இது ஓட்டிக்கொண்டே கேட்பதற்கான ஆல்பம். அமெரிக்கர்கள் காருக்குள் கேசட் வைத்துக் கேட்கத் தொடங்கியிருந்த காலத்தில் வந்தது. ஊர் விட்டு ஊர் போகிறவன், விட்டுவிட்டு வந்தவன், இரவில் எங்கோ கிளம்புகிறவன் என்று பாட்டுக்குள் இருக்கிறவர்களும் பெரும்பாலும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். குழுவின் புகழ்பெற்ற 'ஹோட்டல் கலிஃபோர்னியா' இந்தத் தொகுப்பில் இல்லை. அது 1976 டிசம்பரில்தான் வெளியானது. இல்லாததும் நல்லதுக்கே என்று தோன்றுகிறது. அந்தப் பாட்டில் ஓர் அச்சம் இருக்கிறது. இந்தப் பத்தில் அது இல்லை.

பாட்டில் அமைதி, ஆனால் குழுவுக்குள்? பெர்னி லீடன் விலகுவதற்கு முன்னால் ஃபிரையின் தலையில் பீரைக் கொட்டினார் என்பது ராக் உலகில் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1980 ஜூலையில் லாங் பீச் மேடையில், பாட்டுக்கு நடுவிலேயே ஃபிரையும் கிடார் கலைஞர் டான் ஃபெல்டரும் 'இறங்கியதும் உன்னைப் பார்த்துக்கொள்கிறேன்' என்ற ரீதியில் மிரட்டிக்கொண்டார்கள். குழு கலைந்தது. மறுபடி சேர 1994 ஆனது. ஊருக்கு உபதேசம் என்பது பாட்டுக்காரர்களுக்கும் பொருந்தும்போல!

சாலை விலகியது

இனி வின்ஸ்லோவுக்குத் திரும்புவோம். பாட்டில் பெயர் வந்ததால் பிழைத்தது என்றால், அதற்கு முன் என்ன ஆகியிருந்தது?

இது ரயில் பெற்ற பிள்ளை. 1880களில் ரயில் பாதை வந்தபோது, இன்ஜின்களும் ஆட்களும் மாறுகிற இடமாகப் பிறந்த ஊர். பிறகு 1926-ல் சிகாகோவையும் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தையும் இணைக்கும் ரூட் 66 சாலை வந்தது. அது ஊரின் நடுத்தெரு வழியாகவே போனது. மேற்கே போகும் ஒவ்வொரு காரும் ஊருக்குள் வந்துதான் ஆக வேண்டும். பெட்ரோல் போட, சாப்பிட, தூங்க, டயர் மாற்ற. ஊர் செழித்தது.

அப்புறம் பைபாஸ் வந்தது. 1970களின் இறுதியில் இன்டர்ஸ்டேட் 40 நெடுஞ்சாலை ஊருக்கு வடக்கே ஒதுங்கிப் போனது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறவர்களுக்கு வின்ஸ்லோ என்பது ஒரு பச்சை நிறப் பலகை மட்டும். ஊருக்குள் கடைகள் ஈ ஓட்டின, ஒவ்வொன்றாகக் கதவடைத்தன. ரூட் 66 சாலையில் இருந்த எத்தனையோ ஊர்களுக்கு நேர்ந்தது இதுதான். 1985-ல் ரூட் 66 என்ற பெயரையே அரசாங்க நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

காலத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். தொகுப்பு ஆல்பம் 1976. பைபாஸ் அதற்குச் சில வருடங்கள் கழித்து. சாலை வின்ஸ்லோவை விட்டு விலகிய அதே காலத்தில், வின்ஸ்லோ என்ற பெயர் ஏ சைடின் முதல் பாட்டில் உட்கார்ந்து வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. இன்டர்ஸ்டேட்டில் ஊரைத் தாண்டிப் பறக்கிற காருக்குள்கூட அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்திருக்கும். பலகையைப் பார்த்ததும், 'அட, அந்த ஊரா!' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஆனால், இறங்கி வந்தால் பார்ப்பதற்கு ஒன்றும் கிடையாது. எந்த முனை என்று பாட்டிலும் சொல்லவில்லை.

ஊர்க்காரர்கள்தான் அந்த முனையை உண்டாக்கினார்கள். ஒரு குடும்பம் நடுத்தெருவில் இருந்த தன் மனையை நன்கொடையாகக் கொடுத்தது. செங்கற்களில் பெயர் பொறித்துத் தருவதாகச் சொல்லி நிதி திரட்டினார்கள். 1999 செப்டம்பரில் 'ஸ்டாண்டின் ஆன் தி கார்னர் பார்க்' திறக்கப்பட்டது. பாட்டு வந்து 27 வருடம் கழித்து! இன்று தரையைப் பார்த்தபடி நடந்தால் அந்தப் பெயர்களை வாசிக்கலாம்.

சிற்பி ரான் ஆடம்சன் செய்த சிலை முதலில் வந்தது. ஆள் உயரம். ஜீன்ஸ் போட்ட இளைஞன், கிடாரைத் தன் காலணியின் மேல் நிறுத்திப் பிடித்திருக்கிறான். பின்சுவரில் இருப்பது ஜான் பியூவின் ஓவியம். கண்ணை ஏமாற்றுகிற வகை. வெறும் சமதளச் சுவர்தான். ஆனால், பார்த்தால் கடை ஜன்னல்கள் வரிசையாக இருப்பதாகத் தெரியும். அந்த ஜன்னல் கண்ணாடியில் சிவப்பு ஃபோர்டு லாரி ஒன்று பிரதிபலிக்கிறது, ஓட்டுகிறவள் பொன்னிறக் கூந்தல் பெண். கண்ணாடியில் தெரிகிறது என்றால் லாரி எங்கே இருக்க வேண்டும்? பார்க்கிறவரின் முதுகுக்குப் பின்னால்! முதல் தடவை வருகிறவர்கள் திரும்பிப் பார்த்துவிடுகிறார்கள். பாட்டை இதைவிடச் சரியாக யாரும் படமாக்கிவிட முடியாது. மேல் ஜன்னலில் ஒரு ஜோடி, இன்னொரு ஜன்னலில் ஒரு கழுகு. குழுவின் பெயருக்கு மரியாதை.

2004 அக்டோபரில் சோதனை வந்தது. ஓவியம் தீட்டியிருந்த சுவருக்குப் பின்னால் இருந்த பழைய கட்டடம் தீப்பிடித்து எரிந்து போனது. கட்டடம் போனது, சுவர் நின்றது. அந்த ஒற்றைச் சுவருக்கு முட்டுக்கொடுத்துக் காப்பாற்றினார்கள். மற்ற ஊராக இருந்தால் ஆபத்தான சுவர் என்று இடித்துத் தள்ளியிருப்பார்கள். அந்தச் சுவரை இழப்பதென்றால் என்ன என்று வின்ஸ்லோவுக்குத் தெரிந்திருந்தது.

2016 ஜனவரி 18 அன்று கிளென் ஃபிரை காலமானார். வயது 67. செய்தி வந்ததும் தெருமுனையில் பூக்களும் மெழுகுவர்த்திகளும் சேர்ந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் அவருக்கும் ஒரு சிலை வைத்தார்கள், 70களின் இளவயது ஃபிரையாக. லாரியையும் அந்தப் பெண்ணையும் பாட்டுக்குள் கொண்டுவந்தவர், இப்போது அந்த முனையிலேயே நிற்கிறார். ராண்டி மெய்ஸ்னர் 2023 ஜூலையில் மறைந்தார்.

கால் மணி நேரம் போதுமா?

ஒரு தெருமுனையை வைத்து ஓர் ஊரே வாழ்ந்துவிட முடியுமா? முடியாது. வின்ஸ்லோவின் நடுத்தெருவில் இன்னமும் காலியான கடைகளும் அடைத்த ஜன்னல்களும் உண்டு. போட்டோ எடுத்து, ஒரு டி-ஷர்ட் வாங்கி, கிளம்பிவிடுகிறவரால் ஊருக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். இரவு தங்க வைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது லா போசாடா என்ற ஹோட்டல்.

பூங்காவிலிருந்து கிழக்கே நடக்கிற தூரம்தான். மேரி கோல்டர் என்ற பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. பெண்கள் அந்தத் தொழிலில் அபூர்வமாக இருந்த காலத்தில், கிராண்ட் கேன்யனில் பல கட்டடங்களை எழுப்பியவர் அவர். பழைய ஸ்பானியப் பண்ணை மாளிகை மாதிரி, வளைவுகளும் முற்றமும் தோட்டமுமாக இதைக் கற்பனை செய்தார். 1930-ல் திறந்தார்கள். உலகப் பொருளாதார வீழ்ச்சி தொடங்கியிருந்த நேரம்! 1957-ல் மூடினார்கள். பிறகு ரயில்வே அதை ஆபீஸாக்கிக்கொண்டது. இடிபடும் நிலைக்கு வந்த ஹோட்டலை 1997-ல் ஆலன் ஆஃபெல்ட் என்பவர் வாங்கினார். மனைவி டினா மியான் ஓவியர். நண்பர்களோடு சேர்ந்து அறை அறையாக மீட்டெடுத்தார்கள். பூங்கா திறப்பதற்கு இரண்டு வருடம் முன்பே தொடங்கிய வேலை இது. பாட்டு ஆளைக் கூட்டி வருகிறது, ஹோட்டல் தங்க வைக்கிறது. ஒன்றில்லாமல் மற்றொன்று எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று தெரியாது.

தங்கினால் பார்க்க விஷயம் இருக்கிறது. ஊருக்கு மேற்கே அரை மணி நேர ஓட்டத்தில் விண்கல் விழுந்த பள்ளம். சுமார் 50 ஆயிரம் வருடங்களுக்கு முன் விழுந்தது. ஒரு கிலோமீட்டருக்கும் மேல் அகலமான குழி. எதிர்ப்பக்கம், ஊருக்குச் சற்றே வடகிழக்கில் ஹொமோலோவி. ஹோப்பி பழங்குடியினரின் முன்னோர் பல நூறு வருடங்களுக்கு முன் வாழ்ந்த கிராமங்களின் எச்சம். பானை ஓடுகள் தரையிலேயே கிடக்கும். எடுக்கக் கூடாது, பார்க்கலாம். வடக்கே நவஹோ மக்களின் பரந்த நிலம் விரிகிறது. ரூட் 66-க்கும் ரயிலுக்கும் முன்னால் இந்த மண்ணில் நடந்தவர்கள் இவர்கள். தெருமுனையில் நின்றுவிட்டுத் திரும்புகிறவர்களில் பலர் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அது நஷ்டம்தான். பாட்டுக்கு ஒரு முனை போதும், ஊரைப் பார்க்க வந்தவருக்குப் போதாது.

கின்ஸ்லி அவென்யூவிலேயே இருக்கும் ஓல்ட் டிரெயில்ஸ் மியூசியத்தில் ஊரின் ரயில் கதையும் சாலைக் கதையும் இருக்கின்றன. செப்டம்பர் கடைசியில் வந்தால் தெருமுனையின் பெயரிலேயே ஒரு திருவிழா நடக்கும். தெரு முழுக்கப் பாட்டுதான். கூட்டம் பிடிக்காதவர்கள் வேறு மாதம் பார்த்து வரலாம்.

காரில் வருவதாக இருந்தால் ஃபீனிக்ஸ் நகரிலிருந்து சுமார் 3 மணி நேரம். பைபாஸிலிருந்து இறங்க மறக்கக் கூடாது. ஆனால், இந்த ஊருக்கு ரயிலில் வருவதே அழகு. சிகாகோவுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் இடையே ஓடும் சவுத்வெஸ்ட் சீஃப் ரயில் நாளுக்கு ஒரு தடவை இரண்டு திசையிலும் இங்கே நிற்கிறது. மேற்கே போவது இரவில் வரும், கிழக்கே போவது விடியற்காலையில். ஹோட்டலின் பழைய தலைவாசல் தண்டவாளத்தைப் பார்த்துத்தான் இருக்கிறது, மேரி கோல்டர் காலத்தில் விருந்தாளிகள் அந்தப் பக்கமாகத்தானே வந்தார்கள். இறங்கிய இடத்திலிருந்து தோட்டத்தைத் தாண்டினால் அறை.

நினைவுப்பொருள் கடை சாயங்காலம் மூடியதும் தெருவில் பாட்டு நின்றுவிடும். அப்புறம் இரவு முழுக்கச் சரக்கு ரயில்கள்தான். தூக்கம் லேசானவர்கள் காதில் வைக்கப் பஞ்சு கொண்டுபோவது நல்லது.